கொங்கு நாட்டில் அழையா விருந்தாளிகள்

கொங்கு நாட்டாரின் விருந்தோம்பலைப் பற்றி நாம் புதிதாக எழுத வேண்டியதில்லை. வாசற்படி ஏறுமுன்பே "வாங்கோ, வாங்கோ" என்ற குரல் கேட்கும். திண்ணையில் உட்கார்ந்ததும் செம்பில் தண்ணீர் வரும். பின்னாலேயே மோர் வரும். சாப்பிடாமல் புறப்பட்டால் மனஸ்தாபம் வரும். இப்படிப்பட்ட நாட்டில், யாரும் அழைக்காமலே கப்பலேறி வந்து, வேலியோரத்தில் இடம் பிடித்து, பிறகு வீட்டுக்காரனையே வெளியேற்றப் பார்க்கிற சில விருந்தாளிகள் இருக்கிறார்கள். அவர்கள் மனிதர்கள் அல்லர், செடிகொடிகள். சென்ற ஐப்பசியில் மழை சற்று ஓய்ந்திருந்தபோது கோயம்புத்தூரிலிருந்து கிழக்கே சென்று அவர்களைப் பார்த்து வந்தோம். கால்நடை வைத்தியம் கற்ற நண்பர் ஒருவர் உடன் வந்தார். அவர் வராமலிருந்தால், வழியெல்லாம் பசுமையாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே நாம் திரும்பி வந்திருப்போம்.

கோவையை விட்டுச் சூலூர், பல்லடம், பொங்கலூர், அவிநாசிபாளையம் வழியாகக் காங்கேயம் சுமார் 40 மைல். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உடம்பில் படுகிற தூரத்திலேயே நகரத்தின் வாடையும் நீண்டுகொண்டு போகிறது. விசைத்தறிச் சத்தம் ஓய்ந்தால் கோழிப்பண்ணை. கோழிப்பண்ணை ஓய்ந்தால் தேங்காய்ப் பருப்பு உலர்த்தும் களம். இவற்றுக்கு நடுவே ஒரு காலத்தில் சோளமும் கம்பும் விளைந்த காடுகளில் இப்போது வரிசை வரிசையாக மஞ்சள் வர்ணம் பூசிய கற்கள் நிற்கின்றன. வீட்டுமனைகளாம். வாங்கினவர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார். விற்றவர் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நிலத்தைக் கேட்பாரில்லை, உழுவாரில்லை, மாடு மேய்ப்பாரில்லை. ஆனால் காலியாகவும் இல்லை. இடுப்பளவு உயரத்தில், காரட் இலை போன்ற இலையும், அரிசி சிதறினாற்போல் வெள்ளைப் பூவுமாக ஒரு செடி கல்லுக்குக் கல் அடர்ந்து நின்றது.

"எவ்வளவு அழகாகப் பூத்திருக்கிறது!" என்றோம்.

"தொட்டுவிடாதீர்கள்" என்றார் நண்பர்.

அதுதான் பார்த்தீனியம். உடம்பில் பட்டால் சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும். பூந்தூள் மூக்கில் ஏறினால் தும்மலும் இரைப்பும் வரும். நாள்தோறும் அதற்கு நடுவில் வேலை செய்கிற குடியானவர்களில் சிலருக்கு முகமும் கழுத்தும் கறுத்துத் தடித்துப் போவதுண்டு. மாடு அதைச் சாதாரணமாகத் தின்னாது. வேறு புல் இல்லாத கோடையில் பசியினால் தின்றுவிட்டால் வாய் புண்ணாகும், தோலில் மயிர் உதிரும், பால் கசக்கும். எருமைக் கன்றுகளுக்குத் தீவனத்தோடு கலந்து கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சியொன்று 1977-இல் வெளியாயிற்று. அளவு மிகுந்தபோது கன்றுகள் இறந்தே போயின.

இந்தச் செடிக்கு ஜனங்கள் வைத்திருக்கும் மற்றொரு பெயர் 'காங்கிரஸ் செடி'. பூவைக் கண்டு வெள்ளைக் குல்லாய் ஞாபகம் வந்ததால் அப்பெயர் என்பார் சிலர். காங்கிரஸ் ஆட்சியில் அமெரிக்காவிலிருந்து கோதுமையோடு வந்ததால் என்பார் சிலர். இரண்டாவது கதைதான் நாடெங்கும் பரவியிருக்கிறது. ஆனால் நாளைக் கணக்குப் பார்த்தால் சற்று இடிக்கிறது. பி.எல். 480 என்னும் சட்டத்தின் கீழ் அமெரிக்கக் கோதுமைக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது 1956 ஆகஸ்டில். பூனா நகரத்துக் குப்பை மேடுகளில் இந்தச் செடியைக் கண்டுகொண்டது 1955-இல். அதற்கும் முன்னால், 1880-இல் பிராண்டிஸ் என்ற வன அதிகாரி சேகரித்த ஒரு மாதிரி, டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கிறது. முதலில் ஓரிரண்டு செடி வந்து மூலையில் உட்கார்ந்திருந்து, பின்னால் தானியக் கப்பல்களோடு உறவினர் கூட்டம் வந்து சேர்ந்தது என்று கொள்வது பொருந்தும். எப்படி வந்தாலும், ஒரு செடி பல்லாயிரம் விதை விடும். முளைத்துச் சுமார் ஒரு மாதத்திலேயே பூக்கத் தொடங்கும். உதிர்ந்த விதை மண்ணுக்குள் வருஷக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். லாரிச் சக்கரத்துச் சேற்றிலும், வாய்க்கால் தண்ணீரிலும், எருவண்டியிலும் ஏறிக்கொண்டு அது யாத்திரை செய்கிறது. அந்த மஞ்சள் கற்களுக்கு நடுவே அதற்குப் போட்டியாக ஒன்றுமே இல்லை.

காங்கேயத்தை நெருங்கும்போது தேசத்தின் முகமே மாறிவிடுகிறது. இருபுறமும் முள்ளுக்கிளுவை வேலி. வெட்டிய போத்தை நட்டால் உயிர் பிடித்து வளரும் இந்தக் கிளுவை, கம்பி வேலி என்ற பேச்சே பிறவாத நாளிலிருந்து இங்கே காவல் காக்கிறது. வேலிக்குள்ளே கொறங்காடு. கொங்கு நாட்டுக்கு வெளியிலுள்ள நேயர்களுக்கு இந்தச் சொல் புதிதாக இருக்கலாம். வானம் பார்த்த மேய்ச்சல் நிலம் என்று சுருக்கமாகச் சொல்லலாம். ஆனால் தரிசு என்று நினைத்துவிடக் கூடாது. வருஷத்துக்கு 25 அங்குலம் மழை பெய்தால் அதிகம் என்கிற சீமையில், பரம்பரை பரம்பரையாக யோசித்துச் செய்த ஏற்பாடு இது. தரையில் கொழுக்கட்டைப்புல், அங்கங்கே நிழலுக்கு வெள்வேல மரம். வேலியிட்ட ஒரு காட்டில் மாடுகளைச் சில நாள் விட்டு, புல் குறைந்ததும் அடுத்த காட்டுக்கு மாற்றி, முதற்காட்டைத் தலையெடுக்க விடுவார்கள். படலைத் திறந்து உள்ளே விட்டால் ஆள் வேண்டியதில்லை. கோடையில் புல் காய்ந்து நிற்கும்போது வெள்வேலங்காய் உதிரும். ஆடும் மாடும் அதைப் பொறுக்கித் தின்று காலம் தள்ளும். தின்ற காயின் விதை சாணத்தோடு விழுந்து அடுத்த தலைமுறை மரமாகும்.

இந்தப் புல்லைத் தின்றுதான் காங்கேயம் காளை உண்டாயிற்று. கன்றாகப் பிறக்கும்போது சிவப்பாக இருந்து, ஆறு மாதத்துக்குள் மயிலை நிறத்துக்கு மாறும் அந்த அதிசயத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். மயிலை, பிள்ளை, செவலை, காரி என்று நிறத்துக்கொரு பெயர் சொல்லுகிறார்கள். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் இந்த இனத்தைப் போற்றி வளர்த்துப் புகழ் பெற்றது. சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் திருவிழாவையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தை இன்றும் நாலு ஜில்லாவுக்குத் தெரிந்தது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரீனாக் கடற்கரையில் வாலிபர்கள் திரண்ட பிறகு, காங்கேயம் காளையின் படம் பனியன்களிலும் மோட்டார் கண்ணாடிகளிலும் ஒட்டாத ஊரில்லை. மிக நல்லது. ஆனால் அந்தக் காளை என்ன தின்கிறது, அதன் புல் இருக்கிறதா என்று அன்று கேட்டவர் எத்தனை பேர்?

புல் குறைந்துகொண்டு வருகிறது என்பதைக் கண்ணால் கண்டோம். காங்கேயத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் தம் கொறங்காட்டுக்கு எங்களை அழைத்துச் சென்றார். மூன்று காடுகள். முதலாவதில் புல் முழங்கால் உயரம். இரண்டாவதில் வேலியோரமாகப் பார்த்தீனியம் கால் வைத்திருந்தது. மூன்றாவதைக் காடென்று சொல்வதற்கில்லை. சீமைக்கருவேல மரங்கள் ஒன்றோடொன்று பின்னிப் பந்தலிட்டிருந்தன. கீழே வெறும் மண்.

"இதிலே எத்தனை வருஷமாக மாடு விடவில்லை, ஐயா?" என்று கேட்டோம்.

"பதினஞ்சு வருசமாச்சுங்க. எம்பட பையன் திருப்பூர்ல கம்பெனி வேலைக்குப் போயிட்டான். ஆள் வெச்சு வெட்டினா வெட்டற கூலி மாடு வித்தாக்கூட வராதுங்க. வெட்டினாலும் அடுத்த மழைக்கு நாலு போத்தா வருது. வேரோட பறிக்கோணும், அதுக்கு மிசினு வேணும்."

"எப்படி வந்தது இது?"

"மாடே கொண்டாந்துச்சுங்க! வெள்வேலங்காயைத் தின்ன வாயி, இதையும் இனிப்பா இருக்குதுன்னு தின்னுபோட்டு வந்து இங்க சாணி போட்டுது. நாம கொழுக்கட்டைப் புல்லுக்கு எருவாச்சுன்னு சந்தோசப்பட்டோம்."

அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்பதை நண்பர் விளக்கினார். வெள்வேலுக்கு எந்த வழியோ அதே வழிதான் சீமைக்கருவேலுக்கும். காய் தித்திப்பு, விதை கெட்டி, மாட்டின் வயிற்றுக்குள் போய் வந்தால் முளைப்பது இன்னும் எளிது. நம் முன்னோர் வெள்வேலுக்காக வகுத்து வைத்த பாதையில் அயலான் குதிரையேறி வந்துவிட்டான். அளவோடு தின்றால் அந்தக் காய் தீவனந்தான். வேறொன்றுமின்றி மாதக்கணக்கில் அதையே தின்கிற ஆடுமாடுகளுக்குத் தாடையும் நாக்கும் வலுவிழந்து, அசைபோட முடியாமல் மெலிந்துவிடும். முள் காலில் தைத்தால் சீழ் வைத்து நொண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் அடர்ந்த நிழலில் கொழுக்கட்டைப்புல் எழுந்திருப்பதில்லை.

இந்த மரத்தை அயல் நாட்டுக்காரன் சதி செய்து தூவினான் என்ற பேச்சைப் பல ஊர்களில் கேட்கிறோம். சதியும் இல்லை, மர்மமும் இல்லை. எழுத்து மூலமான சரித்திரம் இருக்கிறது. விறகுக்கு மரமில்லாமல் மதராஸ் மாகாணத்தின் வறண்ட ஜில்லாக்கள் தவித்தபோது, 1876-இல் வன அதிகாரி பெடோம் இதன் விதையை வேண்டி எழுதினார். அடுத்த ஆண்டுகளில் கடப்பை ஜில்லா கமலாபுரத்தில் நட்டார்கள். விறகு கிடைத்ததென்னவோ உண்மை. இன்றும் ராமநாதபுரத்தில் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர்கள் பல பேர். செங்கற் சூளைகளுக்கும் இதே விறகு போகிறது. ஆகையால் ஒரே நாளில் வெட்டிச் சாய்த்துவிடு என்று நகரத்தில் உட்கார்ந்து எழுதுவது சுலபம். 2017-இல் உயர்நீதி மன்றத்தின் மதுரைக் கிளை இந்த மரங்களை அகற்ற உத்தரவிட்டபோது, பல ஊர்களில் இயந்திரங்கள் ஓடின. பிடுங்கிய இடத்தில் உடனே வேறொன்றை நடாத ஊர்களில் மறுபடியும் அதுவே முளைத்தது. 2022-இல் தமிழ்நாடு சர்க்கார் அயல் ஊடுருவல் தாவரங்களைப் பற்றித் தனிக் கொள்கையே வெளியிட்டிருக்கிறார்கள். அகற்றுவதோடு நில்லாமல் பழைய நிலத்தை மீட்பதையும் அதில் சேர்த்திருக்கிறார்கள் என்பது ஒரு நல்ல அறிகுறி.

பெரியவர் எங்களை வீட்டுக்கு அழைத்துச் சென்று மோர் கொடுத்தார். அப்போது அவர் சொன்ன ஒரு விஷயம் எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது.

"எங்கப்பாரு சொல்லுவாருங்க. அவரு வாலிபத்துல இந்தக் காடு பூராவும் சப்பாத்திக் கள்ளியாம். பாம்பும் நரியும் உள்ள குடியிருக்குமாம். திடீர்னு ஒரு வருசம் கள்ளி மேல சுண்ணாம்பு அடிச்சாப்ல வெள்ளையாப் பூத்துதாம். அப்பறம் கள்ளி அழுகி விழுந்து போச்சாம். மாரியாத்தா பண்ணினதும்பாரு."

மாரியாத்தாளின் கருணையை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த வெள்ளைப் பூச்சுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. கதையென்றால் கதை, புராணத்தை விட ருசியானது.

கிழக்கிந்தியக் கம்பெனியார் ஆண்ட காலத்தில், உயர்ந்த சிவப்புச் சாயம் கொச்சினீல் என்ற சிறு பூச்சியிலிருந்து கிடைத்தது. பட்டாளத்து அதிகாரிகளின் செவ்வங்கிக்கு அந்தச் சாயம் வேண்டும். பூச்சியோ மெக்ஸிகோவில், வியாபாரமோ ஸ்பெயின்காரர் கையில். சென்னையில் கம்பெனியின் வைத்திய அதிகாரியாயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்ஸன் சைதாப்பேட்டையில் பூச்சிக்கென்றே கள்ளித் தோட்டம் போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தார். 1795-இல் கப்டன் நீல்ஸன் என்பவர் பிரேஸில் தேசத்திலிருந்து ஒரு பூச்சியைக் கல்கத்தாவுக்குக் கொண்டு வந்து சேர்த்தார். பெரிய பரபரப்பு! பிறகு பார்த்தால் அது சாயப் பூச்சியின் மட்டமான தாயாதி; சாயத்துக்கு உதவாது. ஆனால் கள்ளியைத் தின்பதில் மகா சமர்த்து. சாய வியாபாரம் படுத்துவிட்டது. பூச்சி மட்டும் தன் காரியத்தைக் கவனித்துக்கொண்டிருந்தது. 1863 முதல் 1868 வரை தென்னிந்தியாவில் அந்தப் பூச்சியை வேண்டுமென்றே பரப்பி ஒருவகைக் கள்ளியை ஒழித்தார்கள். களையைப் பூச்சியால் அழிப்பது என்ற வித்தைக்கு உலகத்திலேயே மிகப் பழைய உதாரணங்களில் ஒன்று நம் நாட்டில் நடந்திருக்கிறது என்பதை எத்தனை பாடப் புத்தகங்கள் சொல்லுகின்றன?

ஆனால் சப்பாத்திக்கள்ளியில் வேறொரு ஜாதி இருந்தது. முதற்பூச்சி அதைச் சீந்தவில்லை. அதுதான் பெரியவரின் பாட்டனார் கண்ட கள்ளி. பஞ்ச காலத்தில் அதன் முள்ளைத் தீயில் பொசுக்கி மாட்டுக்குப் போட்டதுண்டு. மற்றக் காலத்தில் அதனால் லாபம் ஒன்றுமில்லை. வேறு வகைப் பூச்சியொன்றை 1924-இல் இலங்கைக்குத் தருவித்துக் கள்ளியின் மீது விட்டார்கள். அங்கே வெற்றி கண்டு, 1926-இல் அதைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள். ஐந்தாறு வருஷத்துக்குள் கள்ளிக்காடுகள் மட்கி விழுந்தன. சுண்ணாம்பு அடித்தாற்போன்ற வெள்ளை, அந்தப் பூச்சி தன்னைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளும் மெழுகுப் பஞ்சு. நசுக்கினால் விரல் ரத்தமாகச் சிவக்கும்.

பார்த்தீனியத்துக்கும் இப்படி ஒரு பூச்சி இல்லையா என்று நேயர்கள் கேட்கலாம். இருக்கிறது. மெக்ஸிகோ நாட்டு வண்டொன்றைப் பெங்களூரில் வளர்த்து 1984-இல் வெளியில் விட்டார்கள். மழைக்காலத்தில் அது இலையைச் சல்லடையாக்கி விடுகிறது. நடுவில் சூரியகாந்திப் பயிரையும் தின்கிறது என்று ஒரு பீதி கிளம்பி, ஆராய்ந்து பார்த்ததில் அஞ்சத்தக்கதில்லை என்று முடிவாயிற்று. ஆனால் வறண்ட மாதங்களில் வண்டு மண்ணுக்குள் புகுந்து தூங்கிவிடுகிறது; களை தூங்குவதில்லை. கள்ளி விஷயத்தில் கிடைத்த முழு வெற்றி இதில் கிட்டவில்லை.

மறுநாள் வடக்கே சென்றோம். சத்தியமங்கலத்துக் காட்டோரத்திலும் அந்தியூருக்கு மேலே பர்கூர் மலையிலும் வேறொரு சத்துரு ஆட்சி செய்கிறது. உன்னிச்செடி! 1809-ஆம் ஆண்டை ஒட்டிக் கல்கத்தாத் தாவரத் தோட்டத்துக்கு அலங்காரமாக வந்த செடி. மஞ்சளும் செம்மையுமாகப் பூ, கறுப்புப் பழம், பழத்தைத் தின்ற பறவை விதையை எங்கும் விதைக்கும். பர்கூர் மலையில் செம்மேனியில் வெள்ளைத் திட்டுக்களோடு விளங்கும் பர்கூர் மாடுகளைக் காட்டிலேயே பட்டி போட்டு வளர்ப்பது வழக்கம். உன்னி அடர்ந்த இடத்தில் புல்லுமில்லை, மாடு நுழைய வழியுமில்லை. பழகிய மாடு அதை முகர்ந்து பார்த்து விலகும். பசி மிகுந்ததோ புதிதாக வந்ததோ தின்றுவிட்டால் ஈரல் கெட்டு மஞ்சட்காமாலை காணும். பிறகு வெயில் பட்ட இடமெல்லாம், அதிலும் வெளுத்த தோல் உள்ள இடத்தில், வெந்தாற்போல் உரியும். அப்படிப்பட்ட மாட்டை உடனே நிழலில் கட்டி வைத்தியரை அழைக்க வேண்டும் என்றார் நண்பர்.

உன்னியால் ஒரு வேடிக்கையும் உண்டு. நீலகிரிப் பகுதிப் பழங்குடி மக்கள் அதன் தண்டை வளைத்து முழு உயர யானைகள் செய்கிறார்கள். அந்த யானைகள் பல 2021-இல் லண்டன் மாநகரப் பூங்காக்களில் நின்று பவனி காட்டின. வெள்ளைக்காரன் கொண்டு வந்து விட்ட செடியை யானையாக்கி அவன் வாசலிலேயே நிறுத்திவிட்டோம். ஆனால் வெட்டி எடுத்த யானை எத்தனை, காட்டில் மிஞ்சியிருக்கும் செடி எத்தனை என்று கணக்குப் பார்த்தால் சந்தோஷம் சற்றுக் குறைகிறது.

கோவைக்குத் திரும்பினதும் வேளாண்மைப் பல்கலைக் கழகத்தார் பார்த்தீனியத்துக்குச் சொல்லும் வைத்தியத்தை விசாரித்தோம். சென்ற நூற்றாண்டின் ஆரம்பத்தில் சைதாப்பேட்டையிலிருந்து கோவைக்கு வந்த பழைய விவசாயக் கல்லூரிதான் 1971-இல் பல்கலைக் கழகமாயிற்று. வைத்தியம் எளிமையானதுதான். மழை பெய்து மண் ஈரமாயிருக்கும்போது, பூக்குமுன் கையுறையோடு வேருடன் பிடுங்க வேண்டும். பூ விடாத செடியை மட்க வைத்து எருவாக்கலாம். பயிரில்லாத பாதையோரத்தில், நல்ல வெயில் நாளில், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சாப்பாட்டு உப்பும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து தெளிக்கலாம். 1930-இல் அந்நிய சர்க்காரை ஆட்டி வைத்த உப்பு, காங்கிரஸ் செடியையும் விடுவதில்லை போலும்! விளைநிலத்தில் மட்டும் இந்தப் பரீட்சை கூடாது, மண் உப்பேறிவிடும்.

பிடுங்கிய இடத்தில் எதை வளர்ப்பது? ஆவாரையும் கொழுஞ்சியும் அடர்த்தியாக விட்டால் பார்த்தீனியத்தைத் தலையெடுக்க விடுவதில்லை. இதைக் கேட்டதும் எங்களுக்குக் காப்புக் கட்டு நினைவு வந்தது. பொங்கலுக்கு முன்தினம் கொங்கு நாட்டில் வீட்டுக் கூரையிலும், மாட்டுக் கொட்டிலிலும், வயலின் ஈசானிய மூலையிலும் ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்துக் கட்டுகிறார்கள். முன்பெல்லாம் வாசலைத் தாண்டினால் அள்ளிக்கொண்டு வரலாம். இப்போது சந்தையில் கட்டு ஒன்றுக்கு விலை கொடுத்து வாங்குகிறோம் என்று காங்கேயத்துப் பெரியவரின் வீட்டு அம்மாள் சொல்லியிருந்தார். பாதையோரத்தில் பூளை நின்ற இடத்தில் இப்போது எது நிற்கிறது என்பதைத்தான் வழியெல்லாம் பார்த்தோமே.

நாங்கள் விடைபெறும்போது பெரியவர் தம் திட்டத்தைச் சொல்லியிருந்தார். மூன்றாவது காட்டை இப்போதைக்குத் தொடப் போவதில்லை. பக்கத்துக் காட்டுக்காரர்கள் நாலு பேரோடு சேர்ந்து ஓர் இயந்திரத்தை வாடகைக்குப் பேசியிருக்கிறார். தை பிறந்து அறுப்பு வேலை ஓய்ந்த பிறகு முதலில் வேலியோரத்து மரங்கள். வந்த விறகை விற்றுக் கூலியில் பாதியைக் கட்டலாம் என்பது கணக்கு. இரண்டாவது காட்டுப் பார்த்தீனியத்தை வீட்டாரே பிடுங்கிவிட்டார்கள். அந்த இடத்தில் தூவ முதற்காட்டுக் கொழுக்கட்டைப்புல்லின் கதிரை உருவி ஒரு சாக்கு நிறைய வைத்திருந்தார். சாக்கைத் திறந்து ஒரு பிடி எடுத்து எங்கள் உள்ளங்கையில் வைத்தார். பஞ்சு போல் கனமே இல்லை. "இன்னொரு மழை வரோணுமுங்க" என்றார்.